கேள்வி கேட்க ஒரு ஆசிரியர்: குழித்துறைப் பக்கத்தில் ஒரு சட்ட வகுப்பு

மாணவரை உடன் ஆசிரியராக நிறுத்திப் பார்க்கலாம் என்று எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டுவிட்டு வந்து நான் தொடங்கவில்லை. நான் வக்கீல், கோர்ட்டில் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். 2024 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையில் என் வழக்கைக் கூப்பிடவே 12 மணி ஆகிவிட்டது. கல்லூரியில் எனக்கு வகுப்பு 12.15க்கு. முந்தைய வருஷம் இதே பாடத்தை என்னிடம் படித்து முடித்திருந்த மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்குப் போன் போட்டு, "பத்து நிமிஷம் வகுப்பப் பாத்துக்க மக்கா, வந்திருதேன்" என்றேன். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டதில் பத்து நிமிஷம் நாற்பது ஆனது.

போய்ச் சேர்ந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. அடங்காத வகுப்பின் சத்தமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வராந்தாவில் நின்றேன். இல்லை, கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி, என்னிடம் ஒரு மாதமாக வாயே திறக்காதவள், "புரோநோட்டுல ஒப்பு போட்ட ஆளு செத்துப்போனா அந்தக் கடன் யாருக்கு?" என்கிறாள் (ஒப்பு என்றால் எங்கள் பக்கம் கையெழுத்து). நம்ம ஆள் சொன்ன பதில் இதுதான்: "எனக்குத் தெரியாது, சார் வரட்டு கேப்போம். ஆனா எங்க வீட்டுல தாத்தாக்க கடன அப்பாதான் அடைச்சாரு. அப்படி அடைக்கணுமான்னு இப்பதான் எனக்கே சந்தேகம் வருது."

இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அந்தக் கடனுக்குப் பொறுப்பு, தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. நான் உள்ளே போய் இதைச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், கேள்விகள் அப்படியே நின்றுபோயின. என் பதில் சரியான பதில், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் எதிரே நின்றிருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது அன்று உறைத்தது. அடுத்த நாலு மாதம் நடந்தது எல்லாம் அதன் விளைவு. அதில் சரியாக வந்ததும் சொதப்பியதும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். சொதப்பியது கொஞ்சம் பெரிசு.

பாடமும் பிள்ளைகளும்

நான் முழுநேர ஆசிரியன் இல்லை. மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் நடுவில் ஒரு கலைக் கல்லூரியில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விருப்பப் பாடமாக அன்றாடச் சட்டம் எடுக்கிற வக்கீல். வாரத்துக்கு 2 மணி நேரம். ஒப்பந்தம், காசோலை, நுகர்வோர், வாரிசுரிமை, போலீஸில் புகார் கொடுப்பது, இப்படி எல்லாவற்றிலும் ஒரு கை அள்ளி வைத்த பாடம். உட்கார்ந்திருப்பவர்களில் வணிகவியல் உண்டு, விலங்கியல் உண்டு, தமிழ் இலக்கியம் உண்டு. வக்கீலாகப்போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் தேறினால் அதிகம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, மாதிரி நீதிமன்றமும் கோர்ட்டுக்குப் போய் விசாரணையைப் பார்த்துக் குறிப்பெழுதுவதும் மதிப்பெண்ணோடு கட்டாயம். திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சட்டம் படிக்கப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிடைத்துவிடும். இங்கே எனக்குக் கரும்பலகையும் வாயும்தான்.

இந்த மாவட்டத்தில் சட்டம் சொல்லிக்கொடுப்பதில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி. சொத்து விஷயத்தில் நம்ம தாத்தா பாட்டிமாருக்குப் பொருந்திய சட்டம் மதுரைக்காரர்களுக்குப் பொருந்தியது அல்ல. போதாததற்கு மதக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய சரிபாதி, முஸ்லிம்கள் 4 சதவீதத்துக்கு மேல். ஒரே பெஞ்சில் மூன்று வாரிசுரிமைச் சட்டம் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடையில் கிடைக்கிற பாடப் புத்தகங்களுக்கு இதெல்லாம் தெரியாது, ஒரு அத்தியாயத்தில் இந்து வாரிசுரிமையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

துறைத் தலைவரிடம் கேட்டேன். சம்பளம் கேட்காதவரைக்கும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முந்தைய வருஷம் பாடத்தை முடித்த மூன்றாம் ஆண்டில் நாலு பேரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், ஊர் போதும், கல்லூரியிலும் அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் நாள் மாட்டியவன் அருமனைப் பையன், அப்பா ரப்பர் வெட்டுகிறவர். அப்புறம் தேரூர்ப் பையன், குளச்சல் பெண், தக்கலைப் பெண்.

முதல் மூன்று வாரம், ஒரே சொதப்பல்

செய்த தவறு எளிமையானது. வகுப்பை இரண்டாக வெட்டி, முதல் அரைமணி நேரம் எனக்கு, அடுத்த அரைமணி அவர்களுக்கு என்று கொடுத்தேன். அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் பார்த்த ஒரே சட்ட ஆசிரியன் நான், என்னையே நடித்துக் காட்டினார்கள். தேரூர்ப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். குளச்சல் பெண், வீட்டில் ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்து எழுதிய நோட்ஸை வரி விடாமல் வாசித்தாள், 'அடுத்த பாரா' என்று கூட வாசித்தாள். 1903இல் பிரிவி கவுன்சில் (லண்டனில் இருந்த அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று சொன்ன மொஹரி பீபி வழக்கை நான் எவ்வளவு சலிப்பாக எடுப்பேனோ அதைவிட ஒரு படி சலிப்பாக எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது, நம்மை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது சுகமான காரியம் இல்லை.

பிள்ளைகளும் பிள்ளைகள்தானே, சீனியர் எடுத்தால் கேலிதான். பின்னாலிருந்து ஒருத்தன் "உடன் ஆசிரியரே, உடனே முடிங்க" என்றான்.

நான்காவது வாரம் நிறுத்திவிடலாம் என்றுதான் சாயாக்கடையில் கூட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம், கல்லூரி வாசலுக்கு எதிர்க் கடை. மறுநாள் எடுக்கவேண்டியது காசோலை. நான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவைச் சொல்லிக்கொண்டே போகிறேன்: செக் திரும்பி வந்த தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். அருமனைப் பையன் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறான், "சார், தொகை எழுதாம, தேதி எழுதாம, வெறும் ஒப்பு மட்டும் போட்டுக் குடுத்தா?"

யார் கொடுத்தது என்றேன். அப்பா. மழை சீசனில் பால் வெட்டு இல்லாமல் வீட்டில் கஷ்டம், 30 ஆயிரம் வாங்கியதற்கு இரண்டு வெற்றுச் செக்கும் ஒரு வெற்றுப் புரோநோட்டும் கொடுத்திருக்கிறார். கடன் தீர்ந்துவிட்டது. செக் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த மாதிரிக் கேள்வியை வகுப்புக்குப் பதில் தயாரித்துக்கொண்டு வருகிற ஆள் கேட்கமாட்டான். எனக்கு விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. இவர்களுக்குப் பாதி பாடத்தைக் கொடுத்தது தப்பு, கொடுக்கவேண்டியது கேள்வியை. அடுத்த நாள் அவன் பாடம் எடுக்கவில்லை. என் பக்கத்தில் நின்று, அந்தக் கேள்வியை, தன் வீட்டு விஷயம் என்று சொல்லாமல், எல்லோருக்கும் முன்னால் என்னிடம் கேட்டான். என் பதிலோடு விடவும் இல்லை. "அப்ப அவன் 3 லட்சம்னு எழுதிக்கிட்டா?" என்றான். பிர் சிங் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், தானாக ஒப்பு போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்காக இருந்தாலும் அது கடனுக்குத்தான் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும், அதை உடைக்கவேண்டியது கொடுத்தவர் பொறுப்பு என்று சொன்னதைச் சொன்னேன். "உடைக்க என்ன வேணும்?" என்றான். பணம் கட்டியதற்கு ரசீது, பேங்க் வழியாக அனுப்பிய பதிவு, செக்கைத் திருப்பிக் கேட்டு அனுப்பிய கடிதம் என்று பலகையில் எழுத எழுத, வகுப்பில் எத்தனை பேர் தலைகுனிந்து வேகவேகமாக எழுதினார்கள் என்பதை நின்று பார்த்தேன். எத்தனை வீட்டில் எத்தனை செக் கிடக்கிறதோ.

அதற்கப்புறம் விதி இதுதான். உடன் ஆசிரியர் விரிவுரை எடுக்கக் கூடாது. வியாழக்கிழமை என்னோடு உட்கார்ந்து பாடத்தைப் படிக்க வேண்டும், தனக்குப் புரியாத இடத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் என்னை நிறுத்த வேண்டும். அப்புறம் நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒரு குழு. என் வகுப்பைவிடவும் அந்த வியாழக்கிழமை ஒரு மணி நேரம்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று இப்போது நினைக்கிறேன், வகுப்பில் நடந்தது அதன் மிச்சம்.

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் 1972இல் பள்ளிகளுக்குப் போய்ச் சட்டம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதைப் பிற்பாடு ஒரு நண்பர் சொன்னார். தெருச் சட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே போகிறவர்கள் சட்டம் படிப்பவர்கள். என் பிள்ளைகளுக்கு அந்தப் பலம் இல்லை, இருப்பது வீட்டுப் பெட்டியில் கிடக்கும் காகிதம்.

பெட்டியில் கிடந்த ஆதாரம்

வாரிசுரிமைக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருந்தேன், ஐந்து வாரம் போனது.

தேரூர்ப் பையனிடம் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஐக் கொடுத்து, முதல் ஐந்து பக்கம் மட்டும் படித்துவிட்டு வா என்றேன். சாயாக்கடைக்கு ஓட்டமாக வந்தான். "சார், இதுல நம்ம ஊரு கெடக்கு." மூன்றாம் பிரிவில் மருமக்கத்தாயம் (தாய்வழி வாரிசு முறை) என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில், திருவிதாங்கூர் நாயர் சட்டம், ஈழவர் சட்டத்தோடு நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வரிசையில் நிற்கிறது. டெல்லியில் போட்ட சட்டத்தில் தன் பாட்டி வீட்டுக் கதை இருக்கிறது என்பதை நம்பமுடியாமல் மூன்று தடவை விரலை வைத்து வாசித்தான். நான் எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவன் ஊர்க்காரர்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. மாமன் சொத்து மருமக்களுக்குப் போக, கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கிற அவலத்தை அவர் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் ஒரு பெண்ணின் வாயால் கேலியும் அழுகையுமாகச் சொல்லியிருப்பார். தமிழ் இலக்கியப் பிள்ளைகள் அதைக் கவிதையாகப் படித்திருந்தார்கள், ஒரு வாரிசுரிமைச் சட்டத்தின் மேல் எழுதிய புகார் மனுவாக யாரும் படித்ததில்லை. தேரூர்ப் பையன் பத்து வரி வாசித்தான், நடுவில் நிறுத்தி, "எங்க ஆச்சியும் இதத்தான் சொல்லுவா" என்றான். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சாதி சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தை நான் எடுத்திருந்தால் எல்லாக் கண்ணும் அந்தச் சாதிப் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கும், அவர்கள் கூனிக்குறுகியிருப்பார்கள். அந்த வீட்டுப் பையனே சிரித்துக்கொண்டு வாசித்ததால் அது நடக்கவில்லை.

மறுவாரம் குளச்சல் பெண்ணின் முறை. அவள் குழுவில் ஒரு பையன் வீட்டிலிருந்து பழைய பாகப்பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். நம்ம ஊரில் ஆதாரம் என்றால் முதலில் இதுதான், அட்டையெல்லாம் பிறகு வந்தது. மடிப்பில் மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டி, எழுத்து பாதி தமிழ் பாதி மலையாளம். தேதி 1111 மகரம். வகுப்பே சிரித்தது, ராஜராஜ சோழன் காலமா என்று. கொல்லம் ஆண்டு என்று குளச்சல் பெண்தான் விளக்கினாள், சிங்கம் மாதம், அதாவது ஆவணி, முதல் மார்கழி பாதி வரைக்கும் 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்த பிறகு 825. ஆக 1936. அதில் ஆண்மக்கள் மூன்று பேருக்கும் சென்ட் கணக்கில் பாகம். பெண்மக்களைப் பற்றி ஒரே ஒரு வரி, சீதனம் கொடுத்து அனுப்பிவிட்டபடியால் அவர்களுக்கு இதில் பாத்தியதை இல்லை என்று.

அது கிறிஸ்தவக் குடும்பம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் 1916ஆம் ஆண்டின், அதாவது கொல்லம் 1092இன், திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் நிற்கிறது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. சில பிரிவினருக்கு விலக்கு இருந்தது, மற்றவர்களுக்கு இதுதான் நிலை. மேரி ராய் வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் உயிரோடு இல்லை, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று தீர்ப்புச் சொன்னது. கேரள வழக்கு என்றே எல்லோரும் படிக்கிறோம், 1951இல் நாமும் அந்தப் பக்கம்தான் இருந்தோம் என்பது மறந்துபோகும்.

குளச்சல் பெண் என்னை நிறுத்திய இடம் எது தெரியுமா? "சார், 1951லயே செத்த சட்டத்த 1986 வர எப்படி உயிரோட வச்சிருந்தாங்க?" நான் தீர்ப்பை விளக்கத் தொடங்கினேன். அவள் தலையாட்டவில்லை. "அது கோர்ட்டு. வீட்டுல எப்படி?" என்றாள். அதற்குப் பதிலாக அந்த மணி முழுவதும் பிள்ளைகள்தான் பேசினார்கள்: நகை, வீட்டுக்குப் போட்ட மாவு மில், அண்ணன் அனுப்பிய வளைகுடாப் பணம், 'கொடுத்தாச்சே' என்கிற ஒரு சொல். நான் ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டேன்.

தக்கலைப் பெண் இஸ்லாமிய வாரிசுரிமையை எடுத்த விதம் எனக்கு இன்னமும் பிடித்திருக்கிறது. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, "இது குறைவுன்னு நீங்க கேப்பீங்க, நானும் வாப்பாட்ட கேட்டேன். ஆனா 1936ல உங்க வீட்டுல குடுத்தத விட அதிகம்" என்றாள். கைதட்டலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

என் கண் முன்னால் நடந்த தப்பு

வாரிசுரிமையின் ஐந்தாவது வாரம். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பால் உரிமை. தேரூர்ப் பையன், விதியை மீறி, என் அனுமதியோடுதான், பத்து நிமிஷம் எடுக்கிறேன் என்றான். நன்றாகத்தான் தொடங்கினான். எனக்குக் குமாஸ்தாவிடமிருந்து போன் வந்தது, வாய்தா விஷயம், வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது: 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு இல்லை.

தமிழ்நாட்டுத் திருத்தத்தில் அப்படி ஒரு தேதி உண்டு. ஆனால் 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு கல்யாணம் ஆனதா இல்லையா என்ற கேள்வியே இல்லை, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதையும் எடுத்துவிட்டது. போன வருஷம் நான் இந்த வரலாற்றைச் சொன்னபோது அவன் முதல் பாதியை மட்டும் எழுதியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேல், இந்துச் சட்டம் என்ற வார்த்தை பலகையில் எங்குமே இல்லை. நான் பலகையைப் பார்த்தேன். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், பையன் மேல் பழி போட எனக்கு முகம் இல்லை.

அடுத்த புதன்கிழமை, இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அருமனைப் பையனிடம் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறாள், "எனக்க பெரியம்ம நாளைக்கு விடுதலைப் பத்திரத்துல ஒப்பு போடப் போறாவ. 87ல கெட்டிக் குடுத்ததுனால பங்கு இல்லன்னு நான்தான் சொன்னேன்." அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா உயில் எழுதவில்லை. பெரியம்மாவுக்குத் தம்பிமாரோடு சமபங்கு, எந்தத் தேதியும் அதைத் தடுக்காது. அதுவரை ஒப்பு போடமாட்டேன் என்று நின்றவர், வகுப்பில் எழுதிப் போட்ட ஒரு வரியால் சரி என்று சொல்லியிருக்கிறார்.

ராத்திரி 8 மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனில் பேசினேன். நானே வழக்கை எடுத்துக்கொள்வது முறையாக இருக்காது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இலவச சட்ட உதவி உண்டு, நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கும் கூப்பிடலாம் என்று சொன்னேன். வியாழக்கிழமை பதிவு நடக்கவில்லை. பெரியம்மா நாகர்கோவில் போய் விசாரித்தார், தனக்கு உள்ள பங்கைத் தெரிந்துகொண்டார், மூன்று வாரம் கழித்து, அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். "நாளைக்கு எனக்க மகளுக்க கல்யாணத்துக்கு மாமன்மாரு வந்து நிக்கண்டாமா" என்றாராம். இதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வகுப்பில் சொல்ல இருந்தது. வெள்ளிக்கிழமை நானும் தேரூர்ப் பையனும் சேர்ந்து நின்று, போன வாரம் பலகையில் எழுதியது தப்பு, இதில் இவன் பங்கு இவ்வளவு, என் பங்கு இவ்வளவு என்று சொன்னோம். அவன் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் கூட்டிவந்தேன்.

அன்றிலிருந்து வாரிசுரிமை பேசும் நாளெல்லாம் பலகையின் மேல் ஓரத்தில் நாலு கேள்வி எழுதிவிட்டுத்தான் வேலை: எந்த மதம், யார் எப்போது இறந்தார், யார் சம்பாதித்த சொத்து, உயில் உண்டா. நாலுக்கும் பதில் தெரியாமல் பங்கு உண்டு, இல்லை என்ற வார்த்தையை உடன் ஆசிரியர் வாயிலிருந்து யாரும் கேட்கக் கூடாது. சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞராகப் பதிந்திருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இந்த விதி இல்லை. சீனியர் அண்ணன் சொல்வதைப் பிள்ளைகள் நம்புகிற வேகம், வக்கீல் சொல்வதை நம்புகிற வேகத்தைவிட அதிகம். அந்த நம்பிக்கைக்காகத்தானே அவர்களை நிறுத்தினோம். தப்பும் அதே வேகத்தில்தான் வீட்டுக்குப் போகும்.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

குற்றவியல் பகுதிக்கு வரும்போது வேறு விதமான தமாஷ். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. உடன் ஆசிரியர்கள் நாலு பேரும் முந்தைய வருஷம் மோசடிக்கு 420, கொலைக்கு 302, முதல் தகவல் அறிக்கைக்கு 154 என்று மனப்பாடம் செய்தவர்கள். இப்போது 318, 103, 173. முன்னாலேயே படித்தவர் என்கிற ஒரே தகுதி, ஒரே ராத்திரியில் பாரமாகிவிட்டது. எனக்கும் அதே கதைதான், இத்தனை வருஷம் வாயில் வந்த எண்ணெல்லாம் தடுமாறியது. ஆகவே அந்த மூன்று வாரமும் ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து பழைய எண், புதிய எண் அட்டவணை போட்டோம். சலிப்பான வேலை, ஆனால் யாரும் தூங்கவில்லை. யாரையாவது ஃபோர் ட்வென்டி என்று திட்டினால் இனி என்ன சொல்லித் திட்டுவது என்று ஒரு பையன் கேட்டான், அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

கணக்குப் பார்த்தால்

உள்தேர்வு மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிரிவு எண்ணைக் கேட்டால் முன்பு எவ்வளவு பேர் எழுதினார்களோ ஏறக்குறைய அவ்வளவு பேர்தான். வித்தியாசம் தெரிந்தது எடுத்துக்காட்டு கேட்ட கேள்விகளில். முன்பெல்லாம் எல்லோரும் 'அ என்பவர் ஆ என்பவருக்கு' என்று புத்தகத்தில் உள்ளதை எழுதுவார்கள். இந்தத் தடவை சீட்டுப் பிடிக்கிற அத்தை, வள்ளத்தில் பங்குக்குப் போகிற மச்சான், தவணையில் வாங்கிய பைக் எல்லாம் விடைத்தாளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திருத்துவதற்கு நேரம் கூடுதலாகப் பிடித்தது.

உடன் ஆசிரியர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் வெட்கம். நாலு மாதம், வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத வேலை, கடைசியில் ஒரு சான்றிதழ், அதிலும் ஒரு பெயரில் எழுத்துப்பிழை. குளச்சல் பெண் சாயங்காலம் டியூஷன் எடுத்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறவள், அக்டோபருக்குப் பிறகு வியாழக்கிழமை அவளால் வரமுடியவில்லை. நாலு பேரில் கூர்மையாகக் கேட்டவள் அவள்தான், அவளைத்தான் முதலில் இழந்தேன். இலவச உழைப்பில் ஓடுகிற எந்த ஏற்பாடும் வசதி உள்ள பிள்ளைகளை மட்டும்தான் கடைசிவரை வைத்துக்கொள்ளும். சம்பளம் முடியாது என்றால் மதிப்பெண்ணில் ஒரு கிரெடிட்டாவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் என்றார்கள். போய்க்கொண்டிருக்கிறது.

வேறு கல்லூரியில் யாராவது செய்து பார்க்கிறீர்கள் என்றால், முதல் ராங்க் பிள்ளைகளாகப் பார்த்து எடுக்காதீர்கள். எனக்கு முதல் ராங்க் வாங்கியவன் தேரூர்ப் பையன், அவனுக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை, அதனால்தான் பலகையில் அந்த வரி வந்தது. அருமனைப் பையன் 50 சொச்சம் மதிப்பெண்தான். அவன் அப்பாவின் இரண்டு செக்கும், நாங்கள் சேர்ந்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு, கடன் கொடுத்தவர் வீட்டிலிருந்து ஒரு நாள் பேப்பரில் சுற்றி வந்தன. புரோநோட்டு மட்டும் தொலைந்துவிட்டதாம். தொலைந்துவிட்டது என்பதையே எழுதி வாங்கு என்றேன், அலைந்துகொண்டிருக்கிறான்.

இந்த வருஷத்துக்கு ஆள் எடுக்கும்போது மதிப்பெண் கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில், உங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள் என்றேன். பாதிப் பேர் புத்தகத்தில் இருந்து எழுதினார்கள். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "எங்க ஆதாரம் வங்கியில இருக்கு. அந்த வங்கிய வேற வங்கி எடுத்துக்கிட்டு. புது வங்கியில கேட்டா பழைய ரசீது கேக்காவ. ரசீது வெள்ளத்துல போச்சு. இப்ப நாங்க கடன்காரங்களா, சொத்துக்காரங்களா?" அந்தப் பிள்ளையை வியாழக்கிழமை சாயாக்கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.